பிழை அட்டை

காலை ஐந்தரைக்குத் துறைமுக லாஞ்சில் ஏறி
வெளிநங்கூரத்தில் நின்ற தூர்வாரிக் கப்பலுக்குப் போனேன்.
உலர்துறையில் இரண்டு மாத வெல்டிங் முடித்து வந்திருந்தது.
பற்றவைத்த இரும்பெல்லாம்
திசைகாட்டியிடம் ஏதேதோ சொல்லிவைத்திருக்கும்.

“ஜி.பி.எஸ். மூணு இருக்கு மேடம், இது எதுக்கு?”
டீயை நீட்டியபடி கேப்டன் கொரைரா.
மூன்றும் ஒரே ஜெனரேட்டரைக் குடிப்பவை என்றேன்,
இது எதையும் குடிக்காது.
கிண்ணத்துக்குள் சாராயம்தான் நிரப்பியிருக்கிறது
என்பதைச் சொல்லவில்லை.

காலடியில், கடலுக்கும் கீழே,
மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில்
உருகிய இரும்பு ஓயாமல் புரள்கிறது.
யாரும் பார்த்ததில்லை.
விரல்நீள முள் ஒன்று
அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
மானம் போன அரசர்கள் வடக்கிருந்தார்கள்.
இதற்கு மானமும் இல்லை பட்டினியும் இல்லை,
சும்மா விட்டால் வடக்கிருக்கும்.
எங்கள் வீட்டில்
வடக்கே தலைவைத்துப் படுத்தால்
அடித்து எழுப்பிவிடுவார்கள்.

சும்மாதான் யாரும் விடுவதில்லை.
கப்பலும் இரும்பு.
கட்டிய தளத்தில் எந்தப் பக்கம் முகம்வைத்துக் கிடந்ததோ
அந்தப் பக்கம் அதன் எலும்பில் தங்கிவிடும்,
பிறந்த ஊர்ப் பேச்சு நாக்கில் தங்குவதுபோல.
முள் பூமி சொல்வதையும் கேட்கும்,
பக்கத்திலிருப்பவன் முணுமுணுப்பதையும் கேட்கும்.
இரண்டையும் கூட்டி ஒரு திசை சொல்லும்.
பொய் இல்லை அது.

எட்டுத் திசைக்கும் மெல்லத் திருப்பச் சொன்னேன்.
சுக்கானில் மீரான்.
என் குறிவட்டத்தில் மெரினா கலங்கரை விளக்கம்.
வடக்கில் மூன்று டிகிரி பிழை. கிழக்கில் ஏழு.
பீடத்துக்குள் பென்சில் போன்ற காந்தங்கள்:
ஒன்றை நுழைத்தேன், ஒன்றைத் தலைகீழாக்கினேன்.
இருபுறமும் காதுபோல் நிற்கும் இரும்புக் குண்டுகளை
ஒரு சுண்டுவிரல் அகலம் நகர்த்தினேன்.
கிழக்கு ஒன்றரைக்கு வந்தது. தெற்கு ஒன்று.
தென்மேற்கில் மட்டும் திடீரென்று பதினொன்று.

மறுபடி சுற்றினோம்.
தென்மேற்கு ஒழுங்காக இருந்தது, மேற்கு பிசகியது.
வெயில் ஏறி சாந்தோம் கோபுரம் வெளுத்துவிட்டது.
கேப்டன் என் சான்றிதழைச் சந்தேகிக்கத் தொடங்கிய நேரம்
மீரான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து
ஒருமுறை பார்த்து
திசைகாட்டியின் ஓரமாகச் சாய்த்துவைத்தான்.
காந்த மூடி போட்ட உறை.
திரையில் ஒன்பது நாள் மகள்,
இன்னும் பெயர் வைக்கவில்லையாம்.
முள் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அழகாகத்தான் இருந்தது.
ஆனால் பதினொரு டிகிரி பிசகில்
பத்து நாட் வேகத்தில் ஒரு மணி நேரம் போனால்
ஏறக்குறைய இரண்டு மைல் தள்ளி நிற்போம்,
இருட்டில் அந்த இரண்டு மைலில் பாறை இருக்கலாம்.
போனைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன்.
“ஒரு நிமிஷம் மேடம்” என்று
இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான்.

பிறகு அட்டை எழுதினேன்,
எந்தத் திசையில் எவ்வளவு மிச்சம் என்று.
“பூஜ்யமே வரலையே?” என்றார் கொரைரா.
வராது. மிச்சத்தை எழுதிக் கண்ணெதிரே ஒட்டத்தான்
எனக்குச் சம்பளம்.
அதற்குமேல் சென்னைக்கென்று
ஒரு டிகிரிக்குச் சற்றே கூட, மேற்கே.
அது பூமியின் கணக்கு,
வருஷத்துக்கு வருஷம் அதுவே அடித்துத் திருத்திக்கொள்ளும்.

மாலை, சென்ட்ரல் மெட்ரோ வாசல்.
உணவுப் பை முதுகில் தொங்க ஒருவன்
போனால் காற்றில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.
நீலப்புள்ளியின் மூக்கு
பூந்தமல்லி சாலைக்கும் வால்டாக்ஸ் சாலைக்கும்
மாறி மாறித் தடுமாறியது.
அவன் நின்றது இரும்புக் கம்பிவலை மூடியின் மேல்.
சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
அதற்குள் பெட்டி தூக்கிய ஒரு குடும்பம்
அவனை நான்கடி இடித்துத் தள்ளிப்போயிற்று.
மூக்கு சட்டென்று திரும்பியது.
அவர்களைத் திட்டிக்கொண்டே போனான்,
சரியான பக்கம்,
பிரியாணி ஆறுவதற்குள்.